நீக்கினால், நீக்கியதாக எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே மேசை போட்டு மனு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவள் நான். முன்பு தட்டச்சு இயந்திரம் வைத்திருந்தேன், இப்போது ஒரு லேப்டாப்பும் சின்ன பிரிண்டரும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிநீர், மயானப் பாதை என்று வருவார்கள். செமஸ்டர் தேர்வு நெருங்குகிற அக்டோபரிலும் மார்ச்சிலும் இவர்களோடு இன்னொரு கூட்டம் சேர்ந்துகொள்ளும். வருகை குறைவு என்று கல்லூரியில் நிறுத்தப்பட்ட பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும். பிள்ளை வாயே திறக்காது. அம்மாதான் பேசுவார். "காலேஜ்ல பேரை எடுத்துட்டாகளாம். திரும்பச் சேத்துக்கிடச் சொல்லி கலெக்டருக்கு ஒரு மனு எழுதுங்கம்மா."

உங்கள் பத்திரிகையைக் கல்லூரி முதல்வர்களும் பேராசிரியர்களும் பல்கலைக்கழகத்தில் பொறுப்பில் இருப்பவர்களும் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனுவுக்கு ஓர் அமைப்பு உண்டு. அனுப்புநர், பெறுநர், பொருள், அதற்குக் கீழே பார்வை. எந்த உத்தரவை எதிர்த்து எழுதுகிறோம், அதன் எண் என்ன, தேதி என்ன என்பதைப் பார்வையில் குறிப்போம். பட்டா மனு தள்ளுபடியானால் அதற்கு ஒரு தாள் இருக்கும். உதவித்தொகை நின்றுபோனாலும் தாலுகா அலுவலகத்தில் கேட்டு ஏதாவது ஒரு தாளை வாங்கிவிடலாம். கல்லூரியில் நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு எழுத உட்கார்ந்தால் மட்டும் பார்வை என்ற இடம் காலியாகக் கிடக்கிறது. "உத்தரவு எங்கேப்பா?" என்று கேட்டால், "வாயிலதான் சொன்னாங்க அக்கா" என்கிறான். யார் சொன்னது? துறைத்தலைவர் சொன்னார். ஆபீஸில் கேட்டால் ஹெச்.ஓ.டி.யைப் பார் என்கிறார்கள், ஹெச்.ஓ.டி.யிடம் போனால் பிரின்சிபாலைப் பார் என்கிறார், பிரின்சிபால் அறைக்குள் விட மாட்டேன் என்கிறார்கள். மூன்று ஆண்டுப் படிப்பை நிறுத்துகிற முடிவு. அதற்கு எண் இல்லை, தேதி இல்லை, கையெழுத்து இல்லை.

போன அக்டோபரில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகனும் வந்தார்கள். அந்தப் பையனின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊர், பெயர், கல்லூரி எதையும் சொல்லவில்லை. அவன் இன்னும் அங்கேதான் படிக்க வேண்டும்.

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவன். அப்பா மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். ஆகஸ்டில் லாரியிலிருந்து மூட்டை சரிந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுவைச் சிகிச்சை நடந்து, பிறகு புண்ணில் சீழ் பிடித்து, மறுபடியும் தியேட்டருக்குப் போய் வந்தார். ஆண்கள் வார்டில் ராத்திரி கூட இருக்க ஆண் துணைதான் வேண்டும். அம்மாவுக்கு நூறு நாள் வேலை, வீட்டில் பள்ளிக்கூடம் போகிற தங்கச்சி. வேறு யார் இருக்கிறார்கள்? இவன்தான் இருந்தான். ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டுக் காலையில் ஸ்கேனுக்கும் எக்ஸ்ரேக்கும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகிறவனால் ஒன்பதரை மணி வகுப்புக்கு எப்படிப் போய் உட்கார முடியும்? சில நாள் போயிருக்கிறான். போன நாளில் வகுப்பில் தூங்கிவிட்டதாகத் திட்டும் வாங்கியிருக்கிறான்.

வருகை குறைந்தது. கண்டோனேஷன், அதாவது வருகைக் குறைவைப் பொறுத்துத் தேர்வு எழுத விடுகிற அனுமதி, கேட்டுப் போனபோது கல்லூரியில் கேட்டது ஒரே கேள்விதான். "மெடிக்கல் சர்ட்டிபிகேட் உன் பேர்ல இருக்கா?" இவன் பேரில் எப்படி இருக்கும்? டிஸ்சார்ஜ் அட்டையில் நோயாளியின் பெயர்தான் இருக்கும். கூட இருந்தவனுக்கு மருத்துவர் சான்று தர மாட்டார், தரவும் முடியாது. அவனிடம் இருந்தது உடனிருப்போர் பாஸ் மட்டும். செல்போனின் பின்னால் பிளாஸ்டிக் கவருக்குள் செருகி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினான். ஓரம் நைந்த சின்ன அட்டை. வார்டு எண், அப்பாவின் பெயர், அதற்குக் கீழே பால்பாயிண்ட் பேனாவில் இவன் பெயர், ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப். அத்தனை ராத்திரிக்கும் அவனிடம் இருந்த ஒரே சாட்சி அந்த அட்டைதான். துறையில் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

தெரிந்தவர் ஒருவர் அவனுக்கு யோசனை சொல்லியிருக்கிறார். சில நூறு ரூபாய் கொடுத்தால் அவனுக்கே டைபாய்டு என்று சான்று வாங்கித் தருவதாக. அவன் வகுப்பிலேயே அப்படிச் சான்று வைத்து, கண்டோனேஷன் கட்டணமும் கட்டி, ஹால் டிக்கெட் வாங்கியவர்கள் இருக்கிறார்களாம். இவன் மாட்டேன் என்றிருக்கிறான். "அப்பா படுத்துக் கெடக்கும்போது எனக்குக் காய்ச்சல்னு எதுக்கு அக்கா பொய் சொல்லணும்?" என்று கேட்டான். பொய்ச் சான்று கொண்டுவந்தவனுக்கு வழி இருக்கிறது, உண்மையைச் சொன்னவனுக்கு வழி இல்லை. பேராசிரியர்கள் தயவுசெய்து இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு அந்த அம்மா மேல்முறையீடு எழுத வரவில்லை. ஆபீஸில் ஒரு தாளின் பின்பக்கத்தில் பேனாவால் மாதிரி எழுதிக் கொடுத்து, "இதை டைப் பண்ணிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று அனுப்பியிருக்கிறார்கள். அதைத் தட்டச்சு செய்யத்தான் வந்தார். வாங்கிப் படித்தேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகனுக்குப் படிப்பைத் தொடர விருப்பமில்லை, எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் நின்றுகொள்கிறோம், மாற்றுச் சான்றிதழ் தந்து உதவ வேண்டும் என்று எழுதியிருந்தது.

அந்த அம்மாவுக்குப் பெயர் எழுதத் தெரியும், அவ்வளவுதான். நான் வாசித்துக் காட்டியதும், "நாங்க எங்கம்மா விருப்பமில்லைன்னு சொன்னோம்?" என்றார். அதைத் தட்டச்சு செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதம் ஒரு கல்லூரியில் மட்டும் எழுதி வாங்கப்படுவதாக நினைக்க வேண்டாம். வெவ்வேறு ஊர்களிலிருந்து வெவ்வேறு பிள்ளைகள் கிட்டத்தட்ட இதே வாசகத்தோடு வந்திருக்கிறார்கள். நிறுத்தியது கல்லூரி. ஆனால் கோப்பில் பார்த்தால் பிள்ளை தானாகப் போனதாக இருக்கும். அந்தக் கடிதத்தில் கையெழுத்து விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு எதை எதிர்த்து முறையிடுவது? எந்தக் குழுவும் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டும். உரிய இடத்தில் உரிய நேரத்தில் முறையிட்டிருந்தால் திரும்பப் போயிருக்கக்கூடிய பிள்ளைகள் இந்த ஒரு தாளால் கேட்டரிங் வேலைக்கும் திருப்பூருக்கும் போயிருக்கிறார்கள்.

அப்புறம் பையனிடம் கல்லூரிக் கையேட்டை எடுக்கச் சொன்னேன். முதலாண்டில் கொடுத்தது, பையில் வைத்திருந்தான். வருகை பற்றிய பக்கத்தை அவன் இதுவரை படித்ததே இல்லை. பெரும்பாலான கலைக் கல்லூரிகளில் இருக்கிற விதிதான் அதிலும் இருந்தது. 75 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் தேர்வு எழுதலாம். 65க்கு மேல் 75க்குள் இருந்தால் தக்க காரணம் காட்டி, கண்டோனேஷன் கட்டணம் கட்டி எழுதலாம். 50க்கு மேல் 65க்குள் இருந்தால் இந்த முறை எழுத முடியாது, ஆனால் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம், விட்ட தாள்களை அப்போது சேர்த்து எழுதலாம். 50க்குக் கீழே போனால்தான் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று கணக்கு. இவன் வருகை 58 சதவீதம். அதாவது கல்லூரியின் சொந்த விதிப்படியே இவன் இழக்க வேண்டியது ஒரு தேர்வை மட்டும்தான், இடத்தை இல்லை. தேர்வு எழுத அனுமதி இல்லை என்பதை யாரோ 'பேரே இல்லை' என்று ஆக்கிவிட்டார்கள். எழுத்தில் ஓர் உத்தரவு போட வேண்டியிருந்தால், எந்த விதியின் கீழ் என்று எழுத வேண்டிய இடத்திலேயே அவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

இப்படி வருகிறவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. கல்லூரி மாணவர் குறைகளைத் தீர்க்க ஆட்சியரிடம் வர வேண்டியதில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொள்வார்கள், மறுக்க மாட்டார்கள். அது கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து கல்லூரிக்கே போகும், 'மாணவர் தாமாக நின்றுவிட்டார்' என்று பதில் வரும். அதற்குள் தேர்வே முடிந்திருக்கும்.

சட்டப்படி இதற்கென்று நேரான வழி ஒன்று உண்டு. மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் வெளியிட்டது. ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். பேராசிரியர் ஒருவர் தலைவர், ஆசிரியர்கள் 4 பேர் உறுப்பினர்கள், மாணவர் பிரதிநிதி ஒருவர் சிறப்பு அழைப்பாளர். தலைவரிலோ உறுப்பினரிலோ ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். புகார் வந்ததிலிருந்து 15 வேலை நாளுக்குள் குழு தன் அறிக்கையைக் கொடுக்க வேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாளுக்குள் தீர்க்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும். இணைவுக் கல்லூரிகளுக்கான குறைதீர்ப்பாளரைப் பல்கலைக்கழகம்தான் நியமிக்கும். கல்லூரி தன் சொந்த விதிக்கு மாறாக எடுக்கிற எந்த நடவடிக்கையும் 'குறை' என்றே அதில் சொல்லியிருக்கிறது. உசிலம்பட்டிப் பையனின் விஷயம் அப்படியே அதற்குள் வருகிறது. குழு பற்றியும் குறைதீர்ப்பாளர் பற்றியும் கல்லூரி இணையதளத்திலும் கையேட்டிலும் பளிச்சென்று போட வேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளது. அந்தப் பையனின் கையேட்டில் கல்லூரிப் பாடல் இருந்தது, விடுமுறைப் பட்டியல் இருந்தது. இது இல்லை.

அவனுக்கு இரண்டு மனு எழுதினோம். முதல் மனு முதல்வருக்கு. என்னை நிறுத்தியதற்கான உத்தரவைக் காரணம், விதி, தேதியோடு எழுத்தில் தாருங்கள் என்று மட்டும் அதில் கேட்டோம். இரண்டாவது குறைதீர்ப்புக் குழுவுக்கு. பார்வை என்ற இடத்தில் முதல் மனுவின் தேதியைப் போட்டேன். உத்தரவு இல்லாதபோது அதைத்தான் போட முடியும்.

மனு எழுதும்போது பெற்றவர்களோடு எனக்கு எப்போதும் ஒரு இழுபறி உண்டு. "காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்னு போடுங்க", "தெய்வமா நினைச்சுக் கும்பிடுறோம்னு எழுதுங்க" என்பார்கள். அவர்கள் மனசு அப்படி. ஆனால் அப்படி எழுதினால் பிள்ளை பெரிய தப்புச் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்பதாக ஆகிவிடும். அப்பாவுக்குக் காவல் இருந்தது தப்பா? அதனால் அந்த மனுவில் தேதிகளைத்தான் எழுதினேன். அப்பா சேர்க்கப்பட்ட தேதி, அறுவைச் சிகிச்சை நடந்த தேதிகள், வீட்டுக்கு வந்த தேதி, அதற்கு எதிரே இவன் வராத நாட்கள். இரண்டும் பொருந்துகின்றன என்பதை யார் பார்த்தாலும் புரிந்துகொள்ளலாம். டிஸ்சார்ஜ் அட்டை நகல், பாஸின் இரண்டு பக்க நகல், முதல் இரண்டு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், அந்த இரண்டு செமஸ்டரிலும் அவன் வருகை எவ்வளவு என்பது எல்லாம் இணைப்பு. கடைசிப் பத்தியில் என்ன வேண்டும் என்று தெளிவாக எழுதினேன். பெயரை மறுபடி ரோலில் சேர்த்து, நான்காம் செமஸ்டரில் தொடர அனுமதித்து, விட்ட தாள்களை அடுத்த தேர்வில் எழுதவிட வேண்டும். விட்ட பாடத்தை ஈடுகட்ட என்ன செய்யப்போகிறான் என்பதையும் அவன் வாயால் சொல்லச் சொல்லி எழுதினேன். குழுவில் இருக்கிற ஆசிரியர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

கல்லூரித் தபால் பிரிவில் மனுவை வாங்கிக்கொள்ளவில்லை. நகலில் சீல் போட்டுத் தர முடியாது என்றுவிட்டார்கள். அஞ்சலில் அனுப்பினோம். 2025 செப்டம்பர் 1 முதல் பழைய பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். பதிவு வசதியையும் கேட்டு வாங்கி அனுப்ப வேண்டும், ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும். கல்லூரியின் மின்னஞ்சல் முகவரிக்கும் அதே மனுவை அவன் செல்போனிலிருந்தே அனுப்பினோம்.

ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்க்கும் பேராசிரியர் ஒருவர் பென்ஷன் விஷயமாக என் மேசைக்கு வந்தபோது இதைக் கேட்டேன். நல்ல மனிதர், உண்மையைச் சொன்னார். "எழுத்துல கொடுத்தா கோர்ட்டுக்குப் போயிடுவாங்கம்மா. அதான் நிர்வாகம் கொடுக்காதேங்குது." அவர் பக்கத்தையும் சொன்னார். அறுபது பேர் வகுப்பில் காரணமே இல்லாமல் மட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆய்வுக்கு வருகிறவர்கள் வருகைப் பதிவேட்டைத்தான் கேட்கிறார்கள், ஒருவனுக்கு விட்டுக்கொடுத்தால் பத்துப் பேர் வந்து நிற்பார்கள் என்றார். எல்லாம் சரி. வருகை விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வகுப்புக்கு வராமல் பட்டம் வாங்கக் கூடாது என்பதுதான் என் எண்ணமும். ஆனால் கோர்ட்டுக்குப் பயந்து எழுத்தில் கொடுக்காமல் இருப்பது எந்த விதத்தில் நியாயம்?

கல்லூரிக்கும் அதில் பாதுகாப்பு இல்லை. எனக்கு எப்போதாவது சந்தேகம் தீர்த்து வைக்கிற வழக்கறிஞர் ஒருவர் பழைய தீர்ப்பு ஒன்றைச் சொன்னார். உத்தரப் பிரதேசத்தில் 3 மாணவர்களின் 1954ஆம் ஆண்டுத் தேர்வு முடிவைத் தேர்வு வாரியம் ரத்து செய்தது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் எடுத்த அந்த முடிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1962-ல் தீர்ப்புச் சொன்னது. அவர்கள் காப்பியடித்ததாகக் குற்றம்சாட்டப்பட்டவர்கள். அவர்களையே கேட்க வேண்டும் என்றால், அப்பாவுக்குக் காவல் இருந்தவனைக் கேட்க வேண்டாமா? நம் உலகனேரியில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. உசிலம்பட்டியிலிருந்து மூட்டை தூக்குகிறவர் குடும்பம் அங்கே போய் வழக்குப் போட வேண்டும் என்று யாரும் ஆசைப்படவில்லை. போனாலும், எந்த உத்தரவை ரத்து செய்யக் கேட்கிறாய் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். உத்தரவு இல்லையென்றால், கொடுத்த மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவு செய்யுங்கள் என்று கல்லூரிக்கே திரும்ப வருவதுதான் வழக்கம். அந்தப் பரிசீலனையைக் கல்லூரி முதலிலேயே செய்துவிட்டால் யாருக்கும் அலைச்சல் இல்லை.

மேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். படிக்கும்போதே கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள், மூன்றாம் ஆண்டில் பிரசவம். "கைக்குழந்தைய வச்சுக்கிட்டு என்ன படிப்பு, டி.சி. வாங்கிக்கோ" என்று சொல்லியிருக்கிறார்கள். இளநிலை, முதுநிலை படிக்கும் பெண்களுக்கும் மகப்பேறு விடுப்புக்கும் வருகையில் தளர்வுக்கும் விதி வகுத்துக்கொள்ளுங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரிலேயே துணைவேந்தர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. அவள் மாமியார்தான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளை என்னிடம் அழைத்து வந்தார். "ஒரு வருசந்தான் பாக்கி, முடிக்கட்டும்" என்றார். வீட்டில் தடை இல்லை, தடை கல்லூரி ஆபீஸில் இருந்தது.

உசிலம்பட்டிப் பையனுக்கு வருகிறேன். மனு போய்ச் சேர்ந்த சில நாளில் கல்லூரியிலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை வந்து வகுப்பில் உட்காரச் சொன்னார்கள். அந்த அம்மா பூ வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எழுத்தில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டேன். ஒன்றும் கொடுக்கவில்லை. சேர்த்துக்கொண்டதும் வாய் வார்த்தைதான். வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான், வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. தனித்தாளில் குறித்துக்கொள்கிறார்களாம். கல்லூரி மாணவர் விவரங்களை ஏற்றுகிற அரசின் யூமிஸ் இணையதளத்தில் அவன் நிலையை இன்னும் மாற்றவில்லை. அதனால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதா மாதம் வந்துகொண்டிருந்த 1,000 ரூபாயும் நின்றுவிட்டது. அந்தப் பணத்தில்தான் அவன் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். ஏப்ரலில் ஹால் டிக்கெட் போடும்போது கம்ப்யூட்டர் இவன் பெயரைக் காட்டாவிட்டால், இந்த செமஸ்டரில் உட்கார்ந்த நாளெல்லாம் கணக்கில் வருமா? இதற்கு அங்கே யாரும் பதில் சொல்லவில்லை. மூன்றாவது மனு எழுதியிருக்கிறோம். எந்தத் தேதியிலிருந்து மீண்டும் சேர்க்கப்பட்டேன் என்பதை உத்தரவாகக் கொடுங்கள், பதிவேட்டிலும் தளத்திலும் அதே தேதியில் ஏற்றுங்கள் என்று. பதில் வரவில்லை.

கல்லூரி முதல்வர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். ஒரு பிள்ளையை நிறுத்துவது என்று முடிவெடுத்தால், அதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். என்ன காரணம், எந்த விதி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, முறையிட வேண்டிய இடம் எது, எத்தனை நாளுக்குள் என்று அதில் இருக்கட்டும். தமிழில் இருக்கட்டும், பெற்றவர்களும் யாரையாவது படிக்கச் சொல்லித் தெரிந்துகொள்வார்கள். திரும்பச் சேர்த்தால் அதையும் அப்படியே எழுதிக் கொடுங்கள். சொந்த விருப்பத்தில் நிற்பதாகக் கடிதம் எழுதி வாங்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வருகை குறைந்ததற்கான காரணங்களில் பெற்றவர்களுக்கு ஆஸ்பத்திரியில் துணை இருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் அட்டையையும் பாஸையும் சான்றாக ஏற்றுக்கொண்டால் பொய்ச் சான்று தேடிப் போகிறவர்களும் குறைவார்கள்.

மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டக் கல்லூரிகளைப் பார்த்துக்கொள்கிற நம் பல்கலைக்கழகம், குறைதீர்ப்பாளரின் பெயரையும் அவருக்கு எழுத வேண்டிய முகவரியையும் ஒவ்வொரு இணைவுக் கல்லூரியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் சொல்ல வேண்டும். வருகைக் குறைவுப் பட்டியல் ஒட்டுகிற அதே பலகையில், அதன் பக்கத்திலேயே ஒட்டினால் போதும். இணை இயக்குநர் அலுவலகமும், ஆட்சியரிடமிருந்து மனு வரும்போது 'மாணவர் தாமாக நின்றார்' என்ற பதிலோடு விட்டுவிடாமல், நீக்கிய உத்தரவின் நகல் எங்கே என்று கல்லூரியைக் கேட்க வேண்டும்.

அந்தப் பையன் இன்னும் அங்கே படிப்பதால் என் பெயரைப் பிரசுரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னை வைத்து அவனைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிற பெற்றோர் யாருக்காவது இதே நிலைமை இருந்தால், ஆபீஸில் நீட்டுகிற எந்தத் தாளிலும் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டாம். வீட்டுக்கு எடுத்து வந்து படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மனு யாரிடம் எழுதினாலும், போகும்போது கல்லூரிக் கையேடு, அடையாள அட்டை, கட்டணம் கட்டிய ரசீதுகள், முந்தைய மதிப்பெண் பட்டியல், வராத நாட்களுக்கான சான்று எதுவாக இருந்தாலும் அது, கல்லூரியிலிருந்து செல்போனுக்கு வந்த செய்திகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். யார், எந்த நாளில், என்ன சொன்னார் என்பதை மறப்பதற்கு முன்னால் பிள்ளையை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். குறைதீர்ப்புக் குழுவுக்கு மனு கொடுக்கத் திங்கட்கிழமை வரை காத்திருக்கத் தேவையில்லை, எந்த வேலை நாளிலும் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
மனு எழுதுபவர்,
மதுரை-20.